பாதிக் கச்சேரியில் அணைந்துபோகும் பவர் மிக்ஸர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கடந்த சில மாதங்களில் ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. கேட்டவர்களில் ஒருவர் கோவில் கமிட்டிக்காரர், ஒருவர் சர்ச்சில் பாட்டுக்குழுவைப் பார்த்துக்கொள்பவர், இன்னொருவர் மைக் செட் தொழிலில் இப்போதுதான் இறங்கியிருக்கும் பையன். மூவரிடமும் இருப்பது பவர் மிக்ஸர், அதாவது மிக்ஸரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வகை. நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. சிலருக்குக் கொஞ்ச நேரத்தில் தானாக உயிர் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா? வாங்கினால் மறுபடியும் பவர் மிக்ஸரா, ஆம்ப் தனியாகவா, ஸ்பீக்கருக்குள்ளேயே ஆம்ப் இருக்கும் வகையா?

நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவில் முதல் நாள் ராத்திரி மட்டும் ஆறு தடவை மிக்ஸர் அணைந்தது. "மிஷின் பழசாகிவிட்டது" என்று தீர்ப்புச் சொன்னவன் நான்தான். மறுநாள் காலையிலேயே கமிட்டிப் பணத்தில் புதுசு வந்து இறங்கியது. அன்று ராத்திரி வில்லுப்பாட்டு தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, புதுசும் அணைந்தது. அப்போதுதான் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். நான்கு 8 ஓம் (ஓம் என்பது தடையின் அளவு) ஸ்பீக்கர் பெட்டிகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வயர் இழுத்து ஒரே சேனலில் மாட்டியிருந்தோம். பழைய மிக்ஸரில் எந்தக் கோளாறும் இல்லை. தன்னால் தாங்க முடியாத லோடை, அதாவது ஸ்பீக்கர்கள் சேர்ந்து இழுக்கும் கரண்டைப் பார்த்து அது ஒதுங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

விலையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது, அது எப்படி அணைகிறது என்பது. கீழே சொல்லப்போகும் ஐந்து வழிகளில் எந்த வழி உங்களுக்கு ஏற்றது என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடும்.

விளக்குகள் எரிகின்றன, மீட்டர் ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஆம்ப் பகுதியின் பாதுகாப்புச் சர்க்யூட் ஸ்பீக்கரைத் துண்டித்திருக்கிறது. பல மாடல்களில் இதற்கென்றே ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். பதினைந்து இருபது நிமிடம் ஆறவிட்டால் திரும்ப வருகிறது என்றால் சூடு. தவில் அடியோ பேஸ் கிதாரோ ஓங்கும்போது மட்டும் போய்ச் சில நொடியில் வந்துவிடுகிறது என்றால், லோடு அதிகம், அல்லது ஸ்பீக்கர் வயரில் எங்கோ ஷார்ட். ஸ்பீக்கரே மாட்டாமல் ஆன் செய்தால்கூட அந்தச் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் உள்ளே ஏதோ பழுதாகியிருக்கிறது, அது வீட்டு வைத்தியத்தில் தீராது.

எல்லா விளக்கும் சேர்ந்து அணைகிறது என்றால் கரண்ட் வரும் பாதையைச் சந்தேகப்பட வேண்டும். லூசான பிளக், பாதி செத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வோல்டேஜ் இறக்கம், உள்ளே பவர் சப்ளை. ஃப்யூஸ் போயிருந்தால் அது தானாகத் திரும்ப வராது. போய்ப் போய் வருகிற கோளாறுக்கும் ஃப்யூஸுக்கும் சம்பந்தமில்லை என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு அடுத்துப் பார்க்க வேண்டியவை: நடு நிகழ்ச்சியில் ஒன்று செத்தால் மீதி ஓடுமா, வயர், ஸ்டாண்டு, பெட்டி எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு என்ன, யார் தூக்குவது, யார் இயக்குவது, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா. இந்தக் கடைசிக் கேள்வியை வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. மூன்றாம் வருடம் எல்லோரும் கேட்கிறார்கள்.

## வழி 1: எதையும் வாங்காமல் சரிசெய்வது

இந்தப் பகுதிதான் நீளம். வருகிற புகார்களில் பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடுகின்றன என்பது என் அனுபவம்.

முதலில் லோடு. இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்கவாட்டில் (பேரலலாக) இணைத்தால் 4 ஓம். நான்கை இணைத்தால் 2 ஓம். சேனலில் 40 வோல்ட் வெளிவருகிறது என்று வையுங்கள். 8 ஓமில் 5 ஆம்பியர் ஓடும், 4 ஓமில் 10, 2 ஓமில் 20. பெரும்பாலான பவர் மிக்ஸர்களின் பின்பக்கம் குறைந்தபட்சம் 4 ஓம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போனால் அணைவது அதன் கடமை. ஒரு சேனலுக்கு இரண்டு ஜாக் இருப்பதைப் பார்த்து இரண்டும் தனித்தனி என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே இரண்டும் ஒன்றுதான். நான்கு 8 ஓம் பெட்டி இருந்தால் இடது சேனலில் இரண்டு, வலதில் இரண்டு. கொடையில் நாங்கள் செய்த வைத்தியமும் அதுதான். செலவு, ஒரு வயரைக் கழற்றி மாட்டும் நேரம்.

மல்ட்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, மிக்ஸரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயரின் முனையில் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது, ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் எங்கோ காட்டும். அது சரி. இரண்டு பெட்டி சேர்ந்திருந்தால் 3ஐ ஒட்டிக் காட்டும், அதுவும் சரி. இரண்டரைக்குக் கீழே காட்டினால் லோடு அதிகம். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் வயரிலோ பின்னிலோ ஷார்ட். கால் இஞ்ச் ஜாக் பின்னுக்குள் ஒரே ஒரு செம்பு இழை பிரிந்து பக்கத்துக் காலைத் தொட்டால் போதும். வயரை அசைத்துக்கொண்டே அளந்தால் அந்தத் திருடன் மாட்டுவான்.

புனல் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிரைவர் யூனிட் பெரும்பாலும் 16 ஓம், நான்கை இணைத்தால் 4 ஓம், தாங்கும். ஆனால் 100 வோல்ட் லைனுக்கான (நெடுந்தூரம் வயர் இழுப்பதற்கான முறை) டிரான்ஸ்ஃபார்மர் வைத்த புனல்களைச் சாதாரண பவர் மிக்ஸரில் மாட்டுவது வேறு கதை. தாழ்ந்த சுருதிச் சத்தம் வரும்போது அந்த டிரான்ஸ்ஃபார்மர் திணறி, கிட்டத்தட்ட ஷார்ட் போலவே நடந்துகொள்ளும். பேச்சுக்கு ஓடுகிறது, தவிலுக்கு அணைகிறது என்றால் இதையும் பாருங்கள். மிக்ஸரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பட்டன் இருந்தால் எல்லா மைக்கிலும் அமுக்கிவிடுங்கள்.

அடுத்தது வோல்டேஜ். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 50 மீட்டர் இழுத்தால், போக வர 100 மீட்டர், கிட்டத்தட்ட 1.7 ஓம் தடை. 10 ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 17 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 230 இருக்க வேண்டிய இடத்தில் திருவிழா நாளில் 200தான் வருகிறது என்றால், மிக்ஸரிடம் போய்ச் சேர்வது 183. எஸ்.எம்.பி.எஸ். வகை (கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத, எடை குறைந்த) பவர் சப்ளை ஓரளவுக்குக் கீழே போனால் தானே நிறுத்திக்கொள்ளும். ஆகவே வோல்டேஜை மீட்டர் பெட்டியில் அளந்து பயனில்லை. மிக்ஸர் மாட்டியிருக்கும் அதே பாக்ஸில், சத்தம் ஓங்கி வரும்போது அளக்க வேண்டும். ஜெனரேட்டர் என்றால் அலங்கார விளக்கும் சவுண்டும் ஒரே லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். லைட்காரரிடம் சண்டை போட்டாவது தனி லைன் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது சூடு. இதில் தொழில்நுட்பம் குறைவு, கவனக்குறைவுதான் அதிகம். தூசி விழக்கூடாது என்று மிக்ஸர் மேல் துண்டைப் போர்த்திவிடுவார்கள், துண்டு பின்பக்க ஃபேனையும் சேர்த்து மூடிவிடும். மதிய வெயிலில் தகரப் பந்தலுக்குக் கீழே வைப்பது, சுவரை ஒட்டித் தள்ளுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பின்னால் ஒரு சாண் இடம் விட்டு, ஃபேன் சுற்றுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் இரண்டாம் வழிக்குப் போக வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்றுதான்: பொறுமை. வீட்டில் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, ஸ்பீக்கர் இல்லாமல் அரை மணி, ஒரு பெட்டியோடு அரை மணி, இரண்டோடு அரை மணி என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்தப் படியில் அணைகிறதோ அங்கே காரணம் இருக்கிறது.

## வழி 2: மெக்கானிக்கிடம் கொடுப்பது

சின்ன வேலைகள் உண்டு. ஃபேன் மாற்றுவது, ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) அடைத்த தூசியை ஊதி எடுப்பது, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவுவது, ஆட்டோவிலும் குட்டி யானையிலும் குலுங்கிக் குலுங்கி விரிசல் விட்ட சால்டரிங்கை மறுபடி வைப்பது. மிக்ஸரின் மண்டையில் தட்டினால் போய் வருகிறது என்றால் கடைசியாகச் சொன்னதுதான். இவற்றுக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

பெரிய வேலை என்பது அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆவது. இங்கேதான் பணம் ஒழுகும். ஆம்ப்களில் பரவலாக இருக்கும் ஜோடி சி5200, ஏ1943. இந்த ஜோடிக்குப் போலிகள் ஏராளம். போன டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு, அதோடு அடிபட்ட டிரைவர் டிரான்சிஸ்டரையும் சின்ன ரெசிஸ்டர்களையும் பார்க்காமல் விட்டால் இரண்டாவது நாளே மறுபடி போகும். சென்னை ரிச்சி தெருவிலேயே வாங்கினாலும், நம்பிக்கையான கடைதானா என்று கேட்டு வாங்குகிற மெக்கானிக்காகப் பாருங்கள். மாற்றியபின் நேராக லைனில் மாட்டாமல், 100 வாட்ஸ் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ஆன் செய்கிறவர் என்றால் அவர் கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

மறைந்திருக்கும் ஆபத்தை அழுத்திச் சொல்கிறேன். "பாதுகாப்பு ரிலேதான் தொல்லை கொடுத்தது, பைபாஸ் பண்ணிட்டேன், இனிமே அணையாது" என்று சிலர் கொடுப்பார்கள். உண்மைதான், ஆபத்தில் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ஸ்விட்சே போய்விட்டது, இனிமேல் அணையாது. உள்ளே டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும் நாளில் 50, 60 வோல்ட் டி.சி. நேராக ஸ்பீக்கர் காயிலுக்குள் இறங்கிப் புகை வரும். மிக்ஸரைக் காப்பாற்றிய செலவில் நான்கு ஸ்பீக்கருக்குக் காயில் கட்ட வேண்டிவரும். ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுவதும் இதே ஜாதி. இயந்திரத்தைத் திரும்ப வாங்கும்போது "ரிலேயும், சூடேறினால் நிறுத்தும் தெர்மல் ஸ்விட்சும் இருக்கிறதா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆர்வக்கோளாறில் நீங்களே மூடியைத் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கியபின்னும் பெரிய கெபாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும்.

எப்போது இது சரியான வழி? டிரான்ஸ்ஃபார்மர் வைத்த, கனமான, பழைய வகையாக இருந்தால். அவற்றின் பாகங்கள் பெரும்பாலும் கடையில் கிடைக்கும், சர்க்யூட்டைப் பழகிய கைகள் ஊருக்கு ஊர் உண்டு. எடை குறைந்த, கிளாஸ் டி என்ற ஆம்ப் வகைப் புது இயந்திரங்களில் பொடிப் பாகங்களை ஒரே போர்டில் அடுக்கியிருப்பார்கள். பல சமயம் போர்டையே மாற்றச் சொல்வார்கள். எஸ்டிமேட் புது விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் கொடுப்பதில்லை. இது என் சொந்தக் கணக்கு.

## வழி 3: இன்னொரு பவர் மிக்ஸர்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆள், ஒரே பெட்டி, இரண்டு ஸ்பீக்கர், நான்கு மைக், ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டும், இயக்குபவர் தொழில்காரர் இல்லை என்றால் இதைவிட வசதியானது கிடையாது. பஜனை மடம், பள்ளிக்கூடம், சின்ன சர்ச் மூன்றுக்கும் பொருந்தும். எக்கோவும் கிராஃபிக் ஈக்வலைசரும் பெரும்பாலும் உள்ளேயே வந்துவிடும்.

குறை என்னவென்றால், ஆம்ப் போனால் மிக்ஸரும் சேர்ந்து சர்வீஸுக்குப் போகும். முதல் வழியை முயன்று பார்க்காமல் வாங்கினால் எங்கள் கொடைக் கதைதான் உங்களுக்கும். பெட்டி மேல் அச்சிட்ட பெரிய வாட்ஸ் எண்ணை நம்பாமல் எத்தனை ஓமுக்கு, ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய நிஜ வாட்ஸ்) எவ்வளவு என்று கேளுங்கள். பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய எண்) என்று சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

## வழி 4: மிக்ஸர் தனி, ஆம்ப் தனி

தொழிலாகச் செய்கிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். நடு ராத்திரியில் ஆம்ப் செத்தால் பக்கத்து ஊர் சவுண்ட் சர்வீஸில் ஓர் ஆம்ப் இரவல் வாங்கி வந்து மாட்டிவிடலாம். செட்டிங் எதுவும் கலையாது.

இதில் பாதிச் செலவில் முடிகிற ஒரு வழி இருக்கிறது. பழைய பவர் மிக்ஸரில் ஆம்ப் பகுதி மட்டும்தானே செத்திருக்கிறது? பின்பக்கமோ மேலேயோ மெயின் அவுட், லைன் அவுட் என்று பெரும்பாலும் ஒரு ஜாக் இருக்கும். அதிலிருந்து புது ஆம்புக்கு சிக்னல் வயர் இழுத்தால் பழைய பெட்டி வெறும் மிக்ஸராக இன்னும் பல வருடம் ஓடும். இரண்டு நிபந்தனைகள்: அணையும்போது விளக்குகள் அணையாத வகைக் கோளாறாக இருக்க வேண்டும், அந்த அவுட்டில் சுத்தமான சத்தம் வருகிறதா என்று முதலில் ஹோம் தியேட்டரிலோ வேறு ஆம்பிலோ மாட்டிப் பார்த்துவிட வேண்டும். ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து எடுத்து அடுத்த ஆம்பின் இன்புட்டில் கொடுத்துவிடாதீர்கள். அந்த வோல்டேஜில் இன்புட் கருகும்.

மறைந்த செலவுகள்: ஆம்பை வைக்க ராக், சிக்னல் வயர்கள், இன்னொரு பிளக் பாயின்ட், கூடுதல் எடை. எக்கோ இல்லாத மிக்ஸர் வாங்கிவிட்டால் அதற்குத் தனி யூனிட். பெரிய செலவு பழக்கம்தான். மிக்ஸரில் எவ்வளவு, ஆம்பில் எவ்வளவு என்று கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) பொருத்தத் தெரியாதவர் கையில் இந்த செட் இரைச்சலாகவோ கிழிசலாகவோதான் ஒலிக்கும். ஆம்ப் பிரிட்ஜ் முறையில் (கறுப்பு முனையிலும் சிக்னல் வரும்) ஓடுகிற வகை என்றால் இரண்டு சேனலின் கறுப்பு வயர்களை ஒன்றாக முடிச்சுப் போடக்கூடாது. பழைய பழக்கத்தில் அப்படிச் செய்து "புது ஆம்பும் அணைகிறது" என்று வந்தவர்கள் உண்டு.

## வழி 5: பவர்டு ஸ்பீக்கரும் சின்ன மிக்ஸரும்

ஸ்பீக்கருக்குள்ளேயே அதற்கென்று அளவெடுத்த ஆம்ப். லோடு தப்பாகப் போட வாய்ப்பே இல்லை. ஓம் கணக்கு என்ற தலைவலி ஒரேயடியாக ஒழிகிறது. ஒன்று அணைந்தாலும் மற்றது பாடும். மண்டபம், சர்ச், ஆடிட்டோரியம் போல சுவருக்குச் சுவர் பிளக் பாயின்ட் உள்ள இடங்களில் இதுதான் சுகம்.

திறந்தவெளிப் பந்தலில் நிலைமை வேறு. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கரண்ட் வயர் ஒன்று, சிக்னல் வயர் ஒன்று. கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர் வரை 230 வோல்ட் போகிறது, மழை தூறினால் வயிறு கலங்கும். ஸ்பீக்கர்களும் மிக்ஸரும் வேறு வேறு லைனில் இருந்தால் எர்த் பிரச்சினையில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வரலாம். எக்ஸ்.எல்.ஆர். (மூன்று கால்) பின் வைத்த, வெளி இரைச்சலை ரத்து செய்யும் பாலன்ஸ்டு வயர் போட்டால் பெரும்பாலும் அடங்கும். எர்த் பின்னை வெட்டி இரைச்சலை அடக்கும் கெட்ட பழக்கம் வேண்டாம், மைக் பிடிப்பவருக்கு ஷாக் அடிக்கலாம்.

எடை இன்னொன்று. ஆம்பும் சேர்ந்த பெட்டியைத்தான் ஸ்டாண்டு மேல் தூக்க வேண்டும். பழுதானால் பெரும்பாலும் போர்டு மாற்றம். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் எந்த ஊரில் இருக்கிறது என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே நல்ல சாதாரண ஸ்பீக்கர்கள் வைத்திருந்தால் அவை சும்மா கிடக்கப்போகின்றன. அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | பழக்கத்தைத் திருத்துவது | பழுது பார்ப்பது | புது பவர் மிக்ஸர் | மிக்ஸர் தனி, ஆம்ப் தனி | பவர்டு ஸ்பீக்கர் |
|---|---|---|---|---|---|
| செலவு | கிட்டத்தட்ட இல்லை | ஃபேன் என்றால் குறைவு, டிரான்சிஸ்டர் என்றால் சொல்ல முடியாது | நடுத்தரம் | பழைய மிக்ஸரை வைத்துக்கொண்டால் நடுத்தரம் | அதிகம் |
| மறைந்த செலவு | ஒரு சாயங்காலம் | போலிப் பாகம், பைபாஸ் | அதே தப்பு தொடர்ந்தால் மொத்தமும் வீண் | ராக், வயர், பழக்கம் | கரண்ட் வயர், பழைய ஸ்பீக்கர் முடங்குவது |
| நடுவில் செத்தால் | இயந்திரம் நல்ல நிலையில்தான் | எல்லாம் நிற்கும் | எல்லாம் நிற்கும் | ஆம்பை மட்டும் மாற்றலாம் | மற்றது ஓடும் |
| ஊரில் பழுது பார்க்க | தேவையில்லை | பழைய வகைக்கு எளிது | மாடலைப் பொறுத்தது | எளிது | கடினம் |
| யாருக்கு | எல்லோருக்கும் முதலில் | பழைய, கனமான மிக்ஸர் உள்ளவர்களுக்கு | பஜனை மடம், பள்ளி | சவுண்ட் சர்வீஸ் | மண்டபம், சர்ச் |

தொடக்கத்தில் சொன்ன மூவருக்கும் நான் சொன்னது: கமிட்டிக்காரருக்கு முதல் வழி, அதிலேயே முடிந்தது. அவருடைய கரண்ட் வயர் 60 மீட்டர், கைவிரல் தடிமன்கூட இல்லாத மலிவு வயர். கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே மிக்ஸரை மாற்றி வைத்து, ஸ்பீக்கர் வயரை நல்ல கனமாக நீட்டிக்கொண்டார். சர்ச்சுக்கு ஐந்தாவது. தொழிலில் இறங்கிய பையனுக்கு நான்காவது, அதிலும் பழைய பெட்டியை மிக்ஸராகவே வைத்துக்கொள்ளும் வழி.

## பழையதை விற்பதானால்

அணைகிற மிக்ஸரைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனால் இரும்பு விலைக்குக் கேட்பார்கள். மேலே சொன்ன சோதனையை முடித்துவிட்டுப் போங்கள். "ஒரு 8 ஓம் பெட்டியில் இரண்டு மணி நேரம் அணையாமல் ஓடுகிறது, இரண்டு போட்டால் சூடாகிறது" என்று சொல்ல முடிந்தால் விலை மாறும். மெக்கானிக்கிடம் பேசும்போதும் "அணையுது அண்ணே" என்று மட்டும் சொல்லாமல் விளக்கு எரிந்ததா, எத்தனை நிமிடத்தில் திரும்ப வந்தது, அப்போது எத்தனை பெட்டி மாட்டியிருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மிக்ஸர் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். வாங்குபவர் தனியாள் என்றால் அந்தச் சீட்டை அவருக்கும் காட்டிவிடுங்கள். நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணத்தில் அது அணைந்தால் போன் உங்களுக்குத்தான் வரும்.